அளக்காமல் வரைய மாட்டார்கள்: தக்கலையில் ஒரு சர்வே ஆபீஸ்

வீடு கட்ட அனுமதிக்கு மனைப்படம் போட்டுத் தருகிற ஆபீஸ்கள் நம்ம குமரி மாவட்டத்தில் சந்திக்குச் சந்தி இருக்கின்றன. பத்திர நகலையும் பட்டாவையும் வாங்கி வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருக்கிற நீள அகலத்தை அப்படியே கம்ப்யூட்டரில் போட்டு, நடுவில் ஒரு வீட்டை வரைந்து கையில் கொடுத்துவிடுகிறவர்கள் அதில் நிறைய பேர். நான் முதலில் விசாரித்த இடத்திலும், "இடத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, ரெண்டு நாளில் பிளான் ரெடி" என்றுதான் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் தெரிந்தவர்கள் சொல்லி, தக்கலையிலிருந்து அழகியமண்டபம் போகிற ரோட்டில் ஒரு மாடியில் இருக்கிற சின்ன ஆபீஸுக்குப் போனேன். அங்கே முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், நிலத்தை அளக்காமல் ஒரு கோடுகூட வரைய மாட்டோம் என்று. அந்த ஒன்றுக்காகவே அவர்களைத் தைரியமாகச் சிபாரிசு செய்வேன். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவர்களிடம் கேட்காததால் ஆபீஸின் பெயரை இங்கே போடவில்லை. நீங்கள் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வேறு எந்த ஆபீஸுக்குப் போனாலும், கீழே சொல்கிற வேலைகளைச் செய்கிறார்களா என்று கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

ஆபீஸை நடத்துவது அப்பாவும் மகளும். அப்பா நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் சிவில் இன்ஜினியர், வரைபடமும் இணையத்தில் விண்ணப்பம் போடுவதும் அவர் வேலை. எங்கள் இடம் திங்கள்நகர் பக்கம், என் அப்பா எனக்கு செட்டில்மென்ட் எழுதித் தந்த ஐந்தரை சென்ட். போன வருஷம் வரை மரச்சீனி போட்டிருந்த விளை. மேற்கே சித்தப்பா வீடு, கிழக்கே வேறு ஒருவர் வீடு, தெற்கே பஞ்சாயத்து ரோடு, வடக்கே தென்னந்தோப்பு.

அளவை இப்போது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 2024 ஜூலை 22 முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளமும் முதல் மாடியுமோ கட்டுகிறவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிப் பணம் கட்டினால் உடனே அனுமதி கிடைத்துவிடுகிறது. பரிசீலனைக் கட்டணம் இல்லை, கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்றிதழும் வேண்டாம். நம்ம ஊர்க் கணக்கில் 2,500 சதுர அடி என்பது 5.74 சென்ட். ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்பதால் சரியாக ஆறு சென்ட் வைத்திருப்பவர்களுக்கு 2,613 சதுர அடியைத் தாண்டிவிடும், அவர்கள் வழக்கமான முறையில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நல்ல திட்டம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் முன்பு அனுமதிக்கு முன்னால் அதிகாரி ஒருவர் வந்து இடத்தைப் பார்ப்பார், படத்தில் தப்பு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். இப்போது "நான் சொன்னதெல்லாம் உண்மை" என்று உறுதிமொழி கொடுப்பது நாம். படத்தில் இருக்கிற மனையும் தரையில் இருக்கிற மனையும் வேறு வேறாக இருந்தால் அனுமதியையே ரத்து செய்யலாம், அதுவும் பாதி வீடு எழும்பி நிற்கும்போது. அந்த ஆபத்தை ரெண்டு நாள் பிளான் போடுகிறவர் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை, நாம்தான் ஏற்க வேண்டும். இதை அந்த இன்ஜினியர் பெண் எனக்கு அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொன்னார், யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை.

அளக்க வந்த நாள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். தூரத்தையும் கோணத்தையும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவி, முக்காலி, பிரிசம் மாட்டிய கம்பு எல்லாம் கொண்டு வந்தார்கள். வந்ததும் எங்கள் மனையை அளக்கவே ஆரம்பிக்கவில்லை. பெரியவர், அதாவது அந்த இன்ஜினியரின் அப்பா, கையில் புலப்படத்தை (சர்வே எண்ணின் எல்லை அளவுகள் உள்ள அரசு வரைபடம்) வைத்துக்கொண்டு பக்கத்துத் தோப்புகளில் பழைய சர்வே கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் இடத்திலிருந்து மூன்று மனை தள்ளி, தென்னை வேருக்குள் பாதி புதைந்து ஒரு கல் கிடைத்தது. மண்வெட்டியால் சுற்றிலும் மண்ணை நீக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, தலையில் கொத்தியிருந்த குறியை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் நம்பினார். இன்னொரு கல் ரோட்டோரத்தில் இருந்தது. புலப்படத்தில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் நடுவே ஜி லைன் என்று ஒரு நீளக் கோடு ஓடுகிறது, அந்தக் கோட்டில் இத்தனை மீட்டர் போய் அங்கிருந்து செங்குத்தாக இத்தனை மீட்டர் விலகினால் இந்த மூலை என்று ஒவ்வொரு முனைக்கும் கணக்கு இருக்கிறது. இரண்டு கல்லுக்கும் இடையே தரையில் உள்ள தூரமும் படத்தில் உள்ள தூரமும் ஒத்துப் போகிறதா என்று முதலில் பார்த்தார், ஒத்துப் போனது. அதற்குப் பிறகுதான் எங்கள் நாலு மூலைக்கும் வந்தார்.

மூன்று மூலை சரி. வடமேற்கு மூலையில் சிக்கல். சித்தப்பா வீட்டு மதில் ரோட்டுப் பக்கம் எல்லையில்தான் நிற்கிறது, ஆனால் பின்னால் போகப் போக எங்கள் பக்கம் சரிந்து வந்து, கடைசியில் 1.2 மீட்டர் உள்ளே வந்துவிட்டது. மனையின் நீளம் 20 மீட்டர். முன்பக்கம் 11.15 மீட்டர் அகலம், பின்பக்கம் கையில் இருப்பது 9.95 மீட்டர்தான். பட்டாவில் 223 சதுர மீட்டர், அதாவது ஐந்தரை சென்ட். மதிலுக்கு உள்ளே இருப்பது 211 சதுர மீட்டர், 5.21 சென்ட். பத்திர அளவை வைத்து வரைந்திருந்தால் மேற்குப் பக்கம் ஒன்றரை மீட்டர் இடம் விட்டதாகப் படம் சொல்லும், வீட்டின் பின்மூலைக்கும் மதிலுக்கும் நடுவே உண்மையில் 30-40 சென்டிமீட்டர்தான் இருந்திருக்கும். ஒரு ஆள் நுழைய முடியாது.

அளந்துகொண்டிருக்கும்போதே சித்தப்பா வந்துவிட்டார். "என்னம்மா, எம் மதிலையும் சேத்தா அளக்கச் சொன்ன?" என்று கேட்டார், குரலில் வருத்தம் இருந்தது. "நம்ம ரெண்டு பேர் எல்லையும் சரியா இருக்கான்னு பாக்கத்தான் சித்தப்பா" என்றேன். இந்த இடத்தில்தான் பெரியவரின் அனுபவம் தெரிந்தது. அவர் சித்தப்பாவைக் கூட்டிப் போய் அந்தக் கல்லைக் காட்டி, கருவிக்குள் பார்க்க வைத்து, புலப்படத்தைத் திண்ணையில் விரித்து ஒவ்வொரு எண்ணாக வாசித்துக் காட்டினார். மதில் ஏன் சாய்ந்தது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். முன்பு அங்கே இருந்தது கையாலை, அதாவது மண்ணால் எழுப்பிய எல்லைச் சுவர். இடம் கிழக்கே சரிவு என்பதால் வருஷா வருஷம் மழையில் கையாலை மண் எங்கள் பக்கம் கரைந்து இறங்கியிருக்கிறது, பின்பக்கம் அதிகமாக. மதில் கட்டிய கொத்தனார் அந்தச் சரிந்த மண்ணின் அடியை எல்லை என்று நினைத்துக் கல் வைத்துவிட்டார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இதைக் கேட்ட பிறகு சித்தப்பாவின் முகமே மாறிவிட்டது. "கவர்மென்ட் ஆளு வந்து அளந்து சொல்லட்டும், நான் மாத்தி வைக்கேன்" என்றார்.

பெரியவரும் அதையேதான் சொன்னார். "மக்ளே, நான் அளந்தது நீங்க தெரிஞ்சுக்கத்தான். எல்லைத் தகராறுன்னு வந்தா கவர்மென்ட் சர்வேயர் அளந்ததுதான் செல்லும்." தன்னுடைய அளவு எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று வாடிக்கையாளரிடம் தானாக முன்வந்து சொல்கிற தனியார் சர்வேயரை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அரசு அளவைக்கு இப்போது இணையத்திலேயே விண்ணப்பித்துப் பணம் கட்டலாம், அதை அவர்களே போட்டுத் தந்தார்கள். அதற்குக் காத்திருக்காமல், கையில் இருக்கிற குறைந்த அளவுக்குள் வீடு அடங்கும்படி படத்தை வரைந்தார்கள். நாளைக்கு மதில் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் அனுமதிக்குப் பாதகம் வராது.

காகித வேலையிலும் நல்ல கவனம். இங்கே பலருக்கும் உள்ள பிரச்சினை எங்களுக்கும் இருந்தது, தாத்தா பேரில் உள்ள பழைய பிரமாணம், அதாவது பத்திரம், மலையாளத்தில். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நம்ம பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் அந்தக் காலத்துப் பிரமாணங்கள் இப்படித்தான் இருக்கும், சர்வே எண்ணும் பழைய எண். இப்போதைய பட்டாவில் இருப்பது ரீசர்வே எண், அதாவது மறுபடி அளந்தபோது கொடுத்த புதிய எண். பெரியவருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும், உட்கார்ந்து நாலு எல்லையையும் வாசித்து எழுதிக்கொண்டார். பழைய எண் எந்தப் புதிய எண்ணாக மாறியது என்பதையும் தாலுகா ஆபீஸ் பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் வேலையைத் தொடங்கினார். பட்டா, அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள பதிவேடு), புலப்படம் மூன்றையும் அரசின் இ-சேவைத் தளத்தில் நாமே எடுக்கலாம், அவர்கள் எடுத்துத் தருவதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. உங்கள் பட்டா கூட்டுப்பட்டாவாக இருந்தால் மட்டும் முதலில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிக்கொண்டு வரச் சொல்லிவிடுவார்கள், புலப்படத்தில் உங்கள் பங்குக்குக் கோடே இல்லாதபோது எதை வைத்து அளப்பது?

இனி மனைப்படம். ஒரே தாள்தான், ஆனால் அதில் இருந்த விவரங்களைப் பார்த்து எங்கள் கொத்தனாரே ஆச்சரியப்பட்டார். வடக்குத் திசை, அளவுகோல், நாலு பக்க நீளம், சுற்றிலும் உள்ள உட்பிரிவு எண்கள் எல்லாம் எல்லாரும் போடுவது. இவர்கள் ரோட்டின் அகலத்தை மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறுகலான இடத்தில் உள்ள 3.1 மீட்டரைத்தான் எழுதினார்கள், பத்திரத்தில் 3.6 என்று இருந்தும். முன்பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது ரோட்டின் அகலத்தைப் பொறுத்தது என்பதால் இதில் விளையாடக் கூடாது. கிழக்கு வீட்டுக்காரரின் கிணற்றையும் படத்தில் குறித்து, எங்கள் கழிவுத் தொட்டியை அதிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி மேற்குப் பின்மூலைக்குக் கொண்டு போனார்கள். நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு, எல்லாரும் அதைத்தான் குடிக்கிறோம், இதைக் குறிக்காத படம் எனக்குப் படமே இல்லை. 2003 முதல் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்கும் சரிவைப் பார்த்து இடம் கொடுத்தார்கள். கிழக்கே ஓடுகிற மழைத்தண்ணீர் பக்கத்து முற்றத்தில் இறங்காமல் ரோட்டு ஓடைக்குத் திரும்புவதற்கு ஒரு சின்ன வாய்க்கால் வரைந்திருந்தார்கள்.

ரோட்டோரம் போகிற மின்கம்பியையும் அளந்தார்கள். வீட்டு மின்சாரம் போகிற தாழ்வழுத்தக் கம்பியிலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது விலகியிருக்க வேண்டும், கம்பி மேலே போனால் 2.5 மீட்டர் உயர இடைவெளி வேண்டும். 11 கிலோவோல்ட் லைன் என்றால் மேலே 3.7 மீட்டர். நான் ஆசைப்பட்ட முன்பக்கப் பால்கனி இந்தக் கணக்கில் அடிபட்டுப் போய்விட்டது. கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் பிள்ளைகள் நிற்கிற இடம், சரி என்று விட்டுவிட்டேன்.

ஆபீஸில் முதலில் கேட்கிற கேள்விகளே நம்ம மாவட்டத்துக்கு என்று தயாரித்தவை மாதிரி இருந்தன. கடலோரமா, அலை ஏறுகிற கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வருகிறதா? அப்படியென்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி வரும். தோவாளை, கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கிராமமா? அங்கே தனி அனுமதி. வட்டக்கோட்டை, சிதறால் மாதிரி மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிற இடத்துக்குப் பக்கமா? அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே முடியாது, அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் வரை தொல்லியல் அனுமதி வேண்டும். மனை அங்கீகாரம் இல்லாத பிளாட்டா, 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவானதா? நஞ்சையா? குளத்துக்கோ சானலுக்கோ (பாசனக் கால்வாய்) பக்கமா? நாலு வழிச்சாலைக்கோ ரயில்பாதைக்கோ எடுத்த இடத்தை ஒட்டியிருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் அவர்கள் முன்பணம் வாங்காமல், முதலில் அந்தத் துறையில் விசாரித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். நான் இருக்கும்போதே சின்னமுட்டத்திலிருந்து வந்த ஒரு அண்ணனை அப்படித்தான் அனுப்பினார்கள். அவருக்குக் கோபம், ஆனால் பணம் மிச்சம்.

இனி குறைகள். முதலாவது, ரொம்பத் தாமதம். ஒரு வாரம் என்று சொன்னது ஒரு மாதத்தைத் தாண்டியது. ஜூன் மழையில் கருவியை வெளியே எடுக்க முடியாது, அது புரிகிறது, ஆனால் வரவில்லை என்பதை ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். நான் லீவு போட்டுக் காத்திருந்து ஏமாந்தேன். போன் எடுப்பதே அபூர்வம், நேரில் போனால்தான் வேலை நடக்கும். வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு வீடு கட்டுகிறவர்கள் இங்கே அலைய ஒரு ஆளை வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இதுதான் எனக்குப் பெரிய குறை. அளந்த மூலைகளுக்கு மரக்குச்சி அடித்து, மதிலில் சிவப்புப் பெயின்ட்டால் குறி போட்டுவிட்டுப் போனார்கள். இடத்தைச் சுத்தம் செய்ய ஜேசிபி வந்த அன்றே குச்சி எல்லாம் போய்விட்டது, மறுபடி வந்து காட்ட 1,500 ரூபாய் கேட்டார்கள். அவ்வளவு நுணுக்கமாக அளக்கிறவர்கள் நாலு கான்கிரீட் கல் கொண்டு வந்து அன்றைக்கே நட்டுவிட்டால் என்ன? நீங்கள் போனால் கல்லை நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள், நட்டுத்தரச் சொன்னால் நட்டுத் தருவார்கள்.

மூன்றாவது, படத்தை பிடிஎஃப் ஆக மட்டும்தான் தந்தார்கள், கம்ப்யூட்டரில் திருத்தக்கூடிய கேட் (CAD) ஃபைலைக் கேட்டதற்குத் தயங்கினார்கள். பணம் கொடுத்து வரைந்த படம் நமக்குச் சொந்தம், கான்ட்ராக்டருக்கும் அது தேவை. கேட்டு வாங்கிவிட்டேன், ஆனால் கேட்க வைத்திருக்கக் கூடாது. முதல் தாளில் என் இன்ஷியல் பட்டாவில் இருப்பது போல இல்லாமல் மாறியிருந்தது, சொன்னதும் உடனே திருத்தினார்கள்.

செலவு எனக்கு அளக்க 7,000 ரூபாய், மனைப்படம், வீட்டு வரைபடம், விண்ணப்பம் ஏற்றுவது எல்லாம் சேர்த்து 14,000. அரசுக்குக் கட்டுகிற கட்டணம் தனி. முதலில் விசாரித்த இடத்தில் மொத்தமே இதில் பாதிதான் கேட்டார்கள். வித்தியாசம் எங்கே போகிறது என்று கேட்டால், அந்தத் தென்னை வேருக்குள் கிடந்த கல்லைத் தேடிய அரை நாளுக்குப் போகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

விண்ணப்பம் ஏற்றிப் பணம் கட்டிய அன்றே அனுமதி வந்துவிட்டது. அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது அந்த இன்ஜினியர் பெண்ணே வந்து நின்று, மேற்கு மதிலிலிருந்து பின்மூலை வரை டேப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார், அதற்குக் காசு வாங்கவில்லை. அரசு சர்வேயர் வரும் தேதிக்காக நானும் சித்தப்பாவும் காத்திருக்கிறோம்.

போகிறவர்கள் மூலப் பிரமாணம், இப்போதைய பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாவற்றிலும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். மூலப் பிரமாணம் கையில் இல்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு எழுதிப் போட்டு வாங்கிய பிறகு போவது நல்லது, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். காலை பத்து மணிக்குள் போனால் பெரியவரைப் பார்க்கலாம், அதற்குப் பிறகு அவர் அளக்கக் கிளம்பிவிடுவார். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஆபீஸ் கிடையாது.